ஸ்கொத்லாந்துக் காலிக் மக்களின் மோட் விழா

ஒரு சிறு சமுதாயம் தன் மொழியையும் பாடலையும் பழைய வழக்கங்களையும் ஆண்டுக்கொரு முறை பலரறிய அரங்கேற்றிக் கொண்டாடும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் காணப்படுகின்றது. இத்தகைய விழாக்களில் மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் கலந்திருத்தலைக் கூர்ந்து நோக்குவோர் உணர்வர். இன்று மேடையிற் பாடப்படும் பாடல், பேரப்பிள்ளைகள் காலத்திற் பொருள் விளங்கிப் பாடப்படுமோ என்பதே அவ்வச்சம். ஸ்கொத்லாந்து நாட்டிற் காலிக் மொழி பேசும் மக்கள் நடாத்தும் ‘மோட்’ என்னும் விழா இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழ்க் கணக்கிற் புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் வேளை ஸ்கொத்லாந்தில் இலையுதிர் காலமாகும். அறுவடை முடிந்து, மலைச்சாரலிற் பன்னங்கள் செந்நிறமாகக் காய்ந்து, பகற்பொழுது விரைவாகக் குறுகிவரும் அக்காலத்தில், ஒக்டோபர் மாதத்தில் ஒரு வாரத்துக்குச் சற்று மேலாக, ஆண்டுக்கோர் ஊராக இடம் மாறி இவ்விழா நடைபெறுகின்றது. 1892ஆம் ஆண்டிலே தொடங்கிய இவ்விழா இரண்டு உலகப் போர்க் காலங்களில் நின்றிருந்தது. பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டில் வழமை போல நடைபெறவில்லை. இவை தவிர, நூற்றாண்டுக்கு மேலாக அது தொடர்ந்து வந்துள்ளது.

விழாவின் வளர்ச்சியையும் மொழியின் நிலையையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது ஒரு முரண்பாடு புலனாகும். 1891ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஸ்கொத்லாந்திற் காலிக் பேசுவோர் 254,415 பேர். அவருள் 43,738 பேர் ஆங்கிலம் அறியாது காலிக் மொழி ஒன்றையே பேசியவர். 2011ஆம் ஆண்டு மதிப்பீட்டிலோ காலிக் பேசுவோர் தொகை 57,375 ஆகக் குறைந்தது. இவ்விரு கணக்குகளுக்கும் இடைப்பட்ட 120 ஆண்டுகளும் மோட் விழா வளர்ந்து புகழ்பெற்ற ஆண்டுகளாகும். மொழியைக் காக்க எழுந்த விழா செழிக்கவும் மொழி தேய்ந்தது யாங்ஙனம் என்பதும், அவ்வாறாயின் விழாவினால் விளைந்த பயன் யாது என்பதும் ஆராயத்தக்கன.

காலிக் மக்களும் அவர்தம் மொழியும்

காலிக், கெல்திய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. அயர்லாந்து மொழிக்கு நெருங்கிய உறவுடையது. அயர்லாந்தாரின் மொழியைக் ‘கேலிக்’ என ஒலிக்கும் வழக்கம் இருப்பினும், ஸ்கொத்லாந்தார் தம் மொழியைக் ‘காலிக்’ என்றே ஒலிப்பர். அயர்லாந்தின் வடபகுதியோடு தொடர்புடைய மக்கள் ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில் அமைத்த டால்ரியாடா அரசிலே இம்மொழி வேரூன்றியது. 563ஆம் ஆண்டிற் கொலம்பா என்னும் துறவி அயோனாத் தீவில் நிறுவிய மடம் அப்பகுதியின் கல்விக்கும் சமயத்துக்கும் நடுநாயகமாய் விளங்கிற்று. பின்னர் ஸ்கொத்லாந்து அரசவையின் மொழியாகவும் காலிக் சிலகாலம் உயர்ந்திருந்தது. அரசவை தென்னாட்டுப் பழக்கங்களைத் தழுவவே, காலிக் மலைநாட்டுக்கும் மேற்குத் தீவுகளுக்கும் உரிய மொழியாக ஒடுங்கியது.

ஆயினும் அவ்வெல்லைக்குள் அது வளமான நிலையிலேயே இருந்தது. ஐலேத் தீவின் பின்லகன் ஏரியிலே தமது அவையைக் கூட்டிய ‘தீவுகளின் தலைவர்’ எனும் பிரபுக்கள் புலவரையும் மருத்துவரையும் இசைவாணரையும் பரம்பரை பரம்பரையாகப் புரந்தனர். மக்மூரிச் குடும்பத்தார் பல தலைமுறைகளாகப் புலமைத் தொழில் பூண்டு வாழ்ந்தனர். ஸ்கைத் தீவில் மக்கிரிமன் குடும்பத்தார் மக்லியொட் தலைவர்களுக்குத் துருத்திக்குழல் வாசிக்கும் உரிமை பெற்றிருந்தனர். அக்குழலின் பெரும் பண்களை அவர்கள் ஏட்டில் எழுதிக் கற்பித்தாரல்லர். ஒவ்வொரு சுரத்துக்கும் அணிக்கும் ஏற்ற அசைகளை வாயாற் பாடியே மாணவர்க்கு ஓதுவித்தனர். மிருதங்கச் சொற்கட்டை வாயாற் சொல்லிப் பாடம் கேட்கும் முறையை அறிந்தோர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும்.

1493ஆம் ஆண்டிலே தீவுகளின் தலைமை ஸ்கொத்லாந்து அரசனாற் பறிக்கப்பட்டது. புலவரைப் புரந்த அவை கலைந்தது. 1609ஆம் ஆண்டு அயோனா விதிகள், குலத்தலைவர் தம் மூத்த மக்களைத் தாழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பி ஆங்கிலம் கற்பிக்க வேண்டுமெனப் பணித்தன. 1616ஆம் ஆண்டிற் பிறந்த அரசாங்கக் கட்டளை, ஊர்தோறும் பள்ளி அமைத்து ஆங்கிலத்தைப் பரப்புதலோடு, மலைநாட்டார் மொழியை ஒழித்தலையும் நோக்கமாக வெளிப்படக் கூறிற்று. 1746ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆம் நாள் கலொடன் போர்க்களத்திலே ஸ்ரூவட் மரபினரின் படை தோற்றபின், மலைநாட்டாரின் படைக்கலங்களும் உடையுந் தடை செய்யப்பட்டன. உடைத்தடை 1782இல் நீங்கியது. அதற்குள் குலத்தலைவர் நிலக்கிழார் ஆயினர். ஆட்டுப் பண்ணைகள் பெருவருவாய் தந்தமையால், பல தலைமுறையாக நிலத்தில் வாழ்ந்த குடிகள் வெளியேற்றப்பட்டனர். அவருட் பலர் கடற்கரைத் துண்டு நிலங்களுக்கும், கிளாஸ்கோ முதலிய நகரங்களுக்கும், கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்கும் பெயர்ந்தனர்.

1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஸ்கொத்லாந்தில் ஐந்து வயது முதற் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அச்சட்டத்திற் காலிக் மொழியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டம் மொழியைத் தடைசெய்யவில்லையெனினும், கட்டாயப் பள்ளியில் இடமற்ற மொழி கல்விக்கு உதவாத மொழியென்ற எண்ணம் பெற்றோர் நெஞ்சில் நிலைத்தது. பள்ளியிற் காலிக் பேசியமைக்காகத் தண்டனை பெற்ற முதியோரின் நினைவுரைகள் பல பதிவாகியுள்ளன. வாளாலும் கட்டளையாலும் நேர்ந்த இழப்பினும், பெற்றோரே தம்மொழியைப் பிள்ளைக்கு உரையாது விடுத்ததனால் நேர்ந்த இழப்பே பின்னாளிற் பெரிதாயிற்று.

ஓபன் நகரில் எழுந்த விழா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விழிப்புத் தோன்றியது. 1871இல் இன்வர்னெஸ் காலிக் கழகம் நிறுவப்பட்டது. எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் கிரேக்கப் பேராசிரியராயிருந்த ஜோன் ஸ்ரூவட் பிளக்கி, கெல்தியப் பேராசிரியர் பதவியொன்றுக்காக நாடெங்கும் பொருள் திரட்டினார். 1882இல் அப்பதவியை முதலில் ஏற்றவர் கொலன்சேத் தீவினரான டொனல்ட் மக்கினன். அதே ஆண்டில் ஸ்கைத் தீவில் பிரேஸ் என்னும் இடத்துக் குடியானவர் மேய்ச்சல் நிலவுரிமைக்காகக் காவற் படையை எதிர்த்து நின்றனர். 1883இல் நேப்பியர் பிரபுவின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஊரூராகச் சென்று குடியானவர் முறையீடுகளைக் கேட்டது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் தம் நிலத்தில் நிலைபெற்றிருக்கும் உரிமையை வழங்கியது.

இப்போராட்டத்தின் குரலாய் விளங்கியவர் ஸ்கைத் தீவிற் பிறந்த மேரி மக்பர்சன். மக்கள் அவரைப் ‘பாட்டுக்குரிய பெரிய மேரி’ என அழைத்தனர். 1872இல் தாம் பணிபுரிந்த வீட்டிலே களவு செய்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டு இன்வர்னெஸ் நகரிற் சிறைப்பட்ட அவர், அவ்வவமானத்தினாலேயே பாடத் தொடங்கினார். அச்சிட்ட காலிக்கை அவர் வாசிக்க வல்லவர், எழுத அறியாதவர். அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய பாடற் றொகுதி 1891இல் நூலாக வெளிவந்தது.

அதே 1891ஆம் ஆண்டிலேதான் ஆர்கைல் பகுதியின் ஓபன் நகரில் ‘அன் கொமன் காலக்’ எனப்படும் காலிக் சங்கம் தோன்றியது. ஓபன், தீவுகளுக்குச் செல்லும் கப்பல்கள் புறப்படுந் துறைமுகம். 1880இற் புகையிரதம் வந்து சேர்ந்தமையால் அது தென்னாட்டுச் சுற்றுலாவினர் விரும்பி வரும் நகருமாயிற்று. சங்கத்தை அமைத்தவர் பெரும்பாலும் அவ்வட்டாரத்துக் கனவான்கள். ஆர்கைல் கோமகனின் மகனாகிய ஆர்ச்சிபால்ட் காம்பெல் பிரபு அவருள் முன்னின்றவர். வேல்ஸ் நாட்டு மக்கள் 1861 முதல் நாடளாவிய முறையில் நடாத்தி வந்த ‘ஐஸ்தெத்வொட்’ என்னும் கவிதை இசைப் போட்டி விழாவே அவர்க்கு முன்மாதிரியாயிற்று. 1892ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஓபனில் முதலாவது மோட் கூடியது.

‘மோட்’ என்ற சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. மேற்குத் தீவுகளை நோர்வே நாட்டவர் சில நூற்றாண்டுகள் ஆண்டனர். கூட்டம் எனப் பொருள்படும் அவர்தம் பழைய சொல் காலிக்கிற் புகுந்து, வழக்குத் தீர்க்கும் அவையையும் குறிப்பதாயிற்று. கலைஞர் கூடிப் போட்டியிட்டு நடுவர் தீர்ப்புப் பெறும் விழாவுக்கு அப்பெயர் பொருந்தியதில் வியப்பில்லை.

பெரிய மேரியின் நூலும் கனவான்களின் சங்கமும் ஒரே ஆண்டிற் பிறந்தமை நோக்கற்பாலது. நிலத்துக்காகப் பாடிய மொழி ஒருபுறம். அரங்கிலே போற்றப்படும் மொழி மறுபுறம். சங்கம் அரசியலிற் சாராது நிற்பதைக் கொள்கையாகக் கொண்டது. அதனால் நிலக்கிழாரும் குடியானவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஒரே பாடலைக் கேட்க முடிந்தது. அப்பாடலைப் பாடிய மக்கள் ஏன் ஊரைவிட்டுப் பெயர்கின்றனர் என்ற வினாவை அங்கே எழுப்புதல் அரிதாயிற்று.

விழாவின் அமைப்பு

மோட் விழாவின் உயிர்நாடி போட்டியாகும். தொடக்க நாட்கள் பெரும்பாலும் சிறுவர்க்குரியன. பாடல், கவிதை ஒப்புவித்தல், உரையாடல், கதை சொல்லல், நாடகம் ஆகியவற்றில் அவர்கள் பங்குபற்றுவர். பின்னாட்களில் வளர்ந்தோர் தனிப்பாடல், இருவர் பாடல், குழுப்பாடல், வயலின், துருத்திக்குழல், யாழ் ஆகிய துறைகளிற் போட்டியிடுவர். இலக்கியப் போட்டிகளும் உண்டு. ஷிண்டி எனப்படும் வளைகோற் பந்தாட்டமும் விழாவை ஒட்டி நிகழும். இராக் காலங்களில் விடுதிகளிலும் மண்டபங்களிலும் ‘கேலி’ எனப்படும் பாட்டும் கதையும் நடனமுங் கலந்த கூட்டங்கள் விடியுமட்டும் நீளும். இறுதி நாட் காலையிற் பாடகர் குழுக்கள் யாவும் நகரின் பொதுவிடத்திற் கூடி ஒருங்கே பாடுதல் வழக்கம்.

ஆண்கள், பெண்கள் இருபாலார்க்கும் தனித்தனியே வழங்கப்படும் தங்கப் பதக்கமே தனிப்பாடகர் பெறும் தலைசிறந்த பேறு. பாடகர் குழுக்களுக்கு 1903 முதல் வழங்கப்படும் லொவற்–ரலிபார்டின் கேடயம் பெரும் மதிப்புடையது. இசைக்கு ஒரு நடுவரும் மொழிக்கு வேறொரு நடுவரும் புள்ளியிடுவர். குரல் இனிதாயினும் உச்சரிப்புப் பிழைபடின் பரிசு கிட்டாது. மொழியறிவைப் பாட்டின் அழகுக்குச் சமமாக நிறுத்தும் இம்முறை விழாவின் சிறந்த அமிசங்களுள் ஒன்று.

குழுப்பாடலின் எழுச்சிக்கு நகர வாழ்வே காரணம். தீவுகளையும் மலைநாட்டையும் விட்டுக் கிளாஸ்கோ நகரின் கப்பற் றளங்களிலும் காவற் படையிலும் வீட்டுப் பணியிலும் சேர்ந்தோர், தத்தம் தீவின் பெயரால் சங்கங்களை அமைத்தனர். வாரமொருமுறை கூடிப் பயிலும் பாடகர் குழு அவர்க்கு ஊருக்கு ஈடாயிற்று. ஆண்டு முழுதும் நிகழும் அப்பயிற்சியின் முடிவே ஒக்டோபர் மாதத்து மேடை. ஆகவே விழா ஒரு வார நிகழ்ச்சியெனினும், அதன் பயன் ஆண்டு முழுவதும் பரந்திருந்தது.

மறைந்த கலையொன்று மீண்டதற்கும் விழா துணை செய்தது. கிளார்சாக் எனப்படும் சிறு யாழ் ஒருகாலத்தில் மலைநாட்டுத் தலைவர் மனைகள் தோறும் ஒலித்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே வாசிப்போரின்றி அருகிப்போயிற்று. ஆர்ச்சிபால்ட் காம்பெல் பிரபு புதிய யாழ்களைச் செய்வித்தார். 1931ஆம் ஆண்டு டிங்வோல் நகரில் நடந்த மோட் விழாவின்போது கிளார்சாக் சங்கம் நிறுவப்பட்டது. இன்று ஸ்கொத்லாந்தின் பள்ளிகளிலும் இல்லங்களிலும் அந்த யாழைக் கற்கும் இளைஞர் பலர்.

போட்டியால் நேர்ந்த மாற்றங்கள்

பரிசுக்குரிய பாடல் அளவுக்கு உட்பட்டதாதல் வேண்டும். பல அடிகள் கொண்ட நெடும்பாடல்கள் இரண்டு மூன்று கண்ணிகளாகக் குறைந்தன. குழுக்கள் பயிலும் பொருட்டுச் சங்கம் பாடல்களை ‘டோ, ரே, மி’ என எழுத்துக்களாற் சுரங்குறிக்கும் முறையில் அச்சிட்டு வழங்கியது. இதனாற் பாடல் பரவியது. காலிக்கை நன்கு அறியாதாரும் கற்றனர். ஆயினும் ஊருக்கு ஊர் வேறுபட்ட மெட்டுக்களில் அச்சேறிய ஒன்றே சரியானது என்ற நினைவும் உண்டாயிற்று. பாடுவோன் சொல்லின் ஓட்டத்துக்கேற்பச் சுரத்தை நீட்டியும் வளைத்தும் பாடும் பழைய உரிமை, ஏட்டிலுள்ள காலக்கணக்குக்குள் அடங்கிற்று.

தொழிற்பாடல்களின் நிலை இதனைத் தெளிவாகக் காட்டும். தறியினின்று இறக்கிய கம்பளித் துணியை நனைத்து, நீண்ட பலகையின் இருமருங்கும் பெண்கள் அமர்ந்து, மாறி மாறி அடித்துத் தடிப்பாக்குவது ஹெபிரிடீஸ் தீவுகளின் பழைய வழக்கம். ஒருத்தி அடியை எடுத்துப் பாட ஏனையோர் பொருளற்ற அசைகளால் அமைந்த பல்லவியைப் பாடுவர். பலகையில் விழும் அடியே தாளம். பாடலின் நீளத்தைத் துணியே தீர்மானிக்கும். காதல், பகை, கடலில் மாண்டோர்க்கான இரங்கல், குறும்பு யாவும் அப்பாடல்களில் இடம்பெறும். ஆலைகள் பெருகிக் கைத்தொழில் அருகியபின் அப்பாடல் துணியைவிட்டு மேடைக்கு வந்தது. மேடை அதனை அழியாமற் காத்தது உண்மை. பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் அதனோடிருந்த தொழிலுறவு மீளவில்லை என்பதும் உண்மையே.

விழாவுக்கு வெளியேயும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. மார்ஜரி கென்னடி-பிரேசர் அம்மையார் 1909 முதல் வெளியிட்ட ஹெபிரிடீஸ் பாடற் றொகுதிகள், தீவுப் பாடல்களைப் பியானோ இசைக்கும் ஆங்கில வரவேற்பறைக்கும் ஏற்பத் திருத்தி உலகறியச் செய்தன. இப்பாடல்களின் வாயிலாகத் தீவு மக்கள் எந்நேரமும் மூடுபனியையும் கடலையும் நோக்கி ஏங்குபவர் என்ற சித்திரம் பரவியது. ராசேத் தீவிற் பிறந்த கவிஞர் சோர்லி மக்லீன் அப்போக்கை வன்மையாகக் கண்டித்தார். காலிக் கவிதை மெய்ம்மை சார்ந்தது, கூரிய நோக்குடையது என்பது அவர் துணிபு. 1943இல் வெளிவந்த அவரது கவிதைத் தொகுதி, காதலையும் ஐரோப்பிய அரசியற் பேரிடர்களையும் காலிக்கிலே பாடிப் புதுநெறி வகுத்தது. புதிய காலிக் இலக்கியத்தின் பெரும்பகுதி இவ்வாறு மோட் மேடைக்கு அப்பாலே வளர்ந்தது. 1952 முதல் 2004 வரை வெளிவந்த ‘கேரம்’ என்னும் காலிக் சஞ்சிகை அதற்கு நிலைக்களமாயிற்று.

பாடல்களை உள்ளவாறே பதிவுசெய்யும் பணியும் அக்காலத்தில் விரிந்தது. 1951இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஸ்கொத்லாந்தியல் ஆய்வகம் நிறுவப்பட்டது. சோர்லியின் உடன்பிறந்தாரான கலம் மக்லீன் ஒலிப்பதிவுக் கருவியுடன் தீவு தீவாகச் சென்று, பரிசு எதனையும் நாடாத முதியோரிடமிருந்து பாடல்களையும் கதைகளையும் திரட்டினார். தென் யூஸ்ற் தீவிற் பல ஆண்டு வாழ்ந்த மார்கரற் பே ஷோ அம்மையாரின் பாடற் றொகுதி 1955இல் வெளிவந்தது. பதக்கம் பெற்ற பாடகரின் குரலும் அடுப்படியிற் பாடிய மூதாட்டியின் குரலும் எத்துணை வேறுபட்டவை என்பது இப்பதிவுகளால் வெளிப்பட்டது. மோட் விழாவும் இக்கருத்துக்குச் செவிசாய்த்து, மரபு முறையிற் பாடுவோர்க்கெனத் தனிப் பதக்கங்களைப் பிற்காலத்திற் சேர்த்துக் கொண்டது.

மேடையும் பள்ளியும்

காலிக் சங்கத்தார் பள்ளியை முற்றும் மறந்தாரல்லர். அவரது முயற்சியாலேயே 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற் காலிக் பேசும் பகுதிகளில் அம்மொழியைக் கற்பிக்கப் போதிய ஏற்பாடு செய்தல் வேண்டும் என்ற வாசகம் இடம்பெற்றது. ‘போதிய’ என்பதன் அளவு வரையறுக்கப்படாமையால், பல பள்ளிகளில் ஆங்கில வாயிலாகவே எல்லாப் பாடங்களும் நடக்கக் காலிக் தனிப்பாடமாய் ஒதுங்கிற்று. பிள்ளை காலிக் வீட்டிலிருந்து வந்து ஆங்கிலத்திற் கணிதமும் வரலாறும் கற்றது. மோட் விழாவுக்காக ஒரு காலிக் பாடலை மனனஞ் செய்தது.

சங்கத்தின் நடைமுறையும் குறைகூறப்பட்டது. மேடையிற் பாடல் காலிக்கில் ஒலிக்க, அறிவித்தலும் தலைமையுரையும் நெடுங்காலம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. 1904இற் காலிக் சஞ்சிகையொன்றைத் தொடங்கிய ஏர்ஸ்கின் என்னும் அறிஞர் முதலியோர், பாட்டுக்கு மட்டும் உரியதாக மொழியை ஒதுக்குதல் அதனை அலங்காரப் பொருளாக்கும் என எச்சரித்தனர். இராக்காலக் களியாட்டத்தையே கண்டோர் விழாவை ‘விஸ்கி ஒலிம்பிக்’ என நகையாடினர். நகையாட்டு மிகையாயினும், அதனுள்ளே பொதிந்த எச்சரிக்கை பொய்யன்று.

1951இற் காலிக் பேசுவோர் ஏறத்தாழ 95,000 பேராகவும், 1981இல் ஏறத்தாழ 80,000 பேராகவும் குறைந்தனர். இவ்வீழ்ச்சியைக் கண்ட ஒரு புதிய தலைமுறை வேறு வழியை நாடியது. 1973இல் ஸ்கைத் தீவின் பழைய பண்ணைக் கட்டடமொன்றிற் காலிக் கல்லூரி தோன்றியது. 1981இல் பாராத் தீவிலே ‘ஃபேஷ்’ எனப்படும் புதுவகை விழா தொடங்கியது. அங்கே பதக்கமில்லை, நடுவர் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் சில நாட்கள் கூடி, வல்லாரிடமிருந்து பாடலையும் வாத்தியத்தையும் நடனத்தையும் காலிக் மொழிச் சூழலிலே கற்பர். இம்முறை தீவுகளிலும் பெருநிலத்திலும் விரைந்து பரவியது. 1985இற் கிளாஸ்கோ நகரிலும் இன்வர்னெஸ் நகரிலும் காலிக் வாயிலாகவே கல்வி புகட்டும் ஆரம்பப் பள்ளி வகுப்புகள் திறக்கப்பட்டன. 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நூற்றுப்பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இது நிகழ்ந்தது.

2005இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் காலிக் மொழிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2008இற் காலிக் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கி, மோட் மேடையை விழாவுக்குச் செல்ல இயலாதார் இல்லங்களுக்குங் கொண்டுசென்றது. 2025இல் நிறைவேறிய மற்றொரு சட்டம் காலிக் மொழிக்கும் ஸ்கொட்ஸ் மொழிக்கும் உத்தியோகத் தகுதி வழங்கியது. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டிற் காலிக் பேசுவோர் தொகை 69,701 ஆக உயர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வீழ்ந்துவந்த எண் இவ்வாறு ஏறியமை ஆறுதல் தருவதாகும்.

ஆயினும் ஏற்றம் எங்கே நிகழ்ந்தது என்பதையும் நோக்கல் வேண்டும். பள்ளியிலும் நகரிலும் கற்போர் தொகை பெருகிற்று. மொழியின் தாய்நிலமாகிய மேற்குத் தீவுகளிலோ காலிக் பேசுவோர் அதே மதிப்பீட்டிற் குடிசனத்தின் பாதிக்கும் கீழாயினர். தீவு ஊர்களில் அன்றாட வாழ்வில் அம்மொழி வழங்குதல் பெரிதும் நலிந்துவிட்டதென 2020இல் வெளிவந்த ஆய்வொன்று எச்சரித்தது. வேலையும் வீடுங் கிடையாமல் இளையோர் தீவுகளை விட்டகல்வது நின்றபாடில்லை. முதலாவது மோட் விழாவில் எழுப்பப்படாத நிலத்தின் வினா இன்னும் வேறுவடிவிற் காத்துநிற்கின்றது.

விழாவின் பயன்

அங்ஙனமாயின் மோட் விழா வீண் முயற்சியோ எனில், அன்று என்பதே விடை. மொழி தாழ்வெனக் கருதப்பட்ட காலத்தில் ஆண்டுக்கொரு முறையேனும் அது பெருமண்டபத்திலே தலைநிமிர்ந்து நின்றது. நகரிற் சிதறிய மக்களை அது ஒன்றுகூட்டியது. பாடல்களை அச்சேற்றியது, யாழை மீட்டது. 1980களிற் பள்ளியும் ஃபேஷும் தோன்றியபோது, மொழியைக் காத்தல் தகும் என்ற எண்ணம் மக்களிடையே முன்னமே நிலைபெற்றிருந்தது. அவ்வெண்ணத்தை மூன்று தலைமுறையாகக் காத்துவந்தவற்றுள் மோட் விழாவும் ஒன்று.

விழா செய்ய இயலாததும் இவ்வரலாற்றால் விளங்கும். பாடலை மேடை காக்கும். பேச்சை வீடும் பள்ளியும் தொழிலுமே காக்கும். இவற்றிற் குறைவுபட்டதை மேடையால் ஈடுசெய்யலாமென்று நம்பியதே காலிக் மக்களுக்கு நேர்ந்த இடர். பரிசளிப்பு ஆரவாரம் செவியை நிறைத்தமையால் ஊர்களில் மௌனம் பெருகியதை உணர நெடுங்காலஞ் சென்றது.

மோட் விழாவிற் சிறுவர் போட்டிகள் நடைபெறும் நாட்களிலே, மேடையில் நின்று பிழையறக் காலிக் பாடலைப் பாடிய பிள்ளை கைதட்டலின் நடுவே இறங்கித் தாயிடம் ஓடும். அவ்வேளை அப்பிள்ளை தாயிடம் எம்மொழியிற் பேசுகின்றதென்பதே விழாவைப் பற்றிய சிந்தனையாளர் மீண்டும் மீண்டும் கேட்டுவந்த கேள்வி. நடுவரின் புள்ளித்தாளில் அதற்கு இடமில்லை. ஆயினும் 1892ஆம் ஆண்டிலே ஓபன் நகரிற் கூடியோர் விரும்பியது நிறைவேறியதா என்பதை அக்கேள்விக்குரிய விடையே காட்டும்.